‘எழுதிய பேனா’ ஆங்கிலத்துக்குப் போகும்போது

அவர் எழுதிய கடிதம், அவர் எழுதிய பேனா, அவர் எழுதிய மேசை, அவர் எழுதிய நாள். நான்கிலும் ‘எழுதிய’ ஒன்றுதான். ஆனால் கடிதத்தை எழுதினார், பேனாவால் எழுதினார், மேசையில் எழுதினார். இந்த ‘ஐ’, ‘ஆல்’, ‘இல்’ எல்லாம் எங்கே போயின? ‘எழுதிய’ போலப் பெயருக்கு முன் நின்று அதைத் தழுவும் பெயரெச்சம் அவற்றை விழுங்கிவிட்டது. நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை ஆகிய ஆறுக்கும் ‘செய்யும்’, ‘செய்த’ என்ற வடிவங்கள் ஒன்றுபோல உரியவை என்று தொல்காப்பியம் வினையியலிலேயே சொல்கிறது. எது எதனால் என்பதைப் படிப்பவரே புரிந்துகொள்கிறார்.

ஆங்கிலம் அப்படி விழுங்காது. ‘தி பென் விச் ஹி ரோட்’ என்றால் பேனாவையே அவர் எழுதினார் என்று ஆகிவிடும். ‘தி பென் விச் ஹி ரோட் வித்’ என்றோ ‘தி பென் வித் விச் ஹி ரோட்’ என்றோ எழுத வேண்டும். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் இந்த ‘வித்’தை விடுவது கவனக்குறைவு இல்லை என்றே நான் நினைக்கிறேன். தாய்மொழி கற்றுக்கொடுத்த பழக்கம் அது.

இதற்கு நான் நம்பும் வழி ஒன்றுதான்: எச்சத்தை முழு வாக்கியமாகப் பிரித்துப் பாருங்கள். ‘நான் வசித்த வீடு’ என்பதைப் பிரித்தால் ‘ஐ லிவ்ட் இன் தி ஹவுஸ்’. அந்த ‘இன்’ எங்கேயாவது ஒரு முறை வந்தாக வேண்டும். இரண்டு முறை வந்தாலும் தப்பு. ‘இன் விச் ஐ லிவ்ட் இன்’ என்று எழுதுபவர்கள் நிறைய. ‘இன் விச்’சுக்குப் பதில் ‘வேர்’ (where) போட்டால் ‘இன்’ தேவையில்லை, அது ‘வேர்’ உள்ளேயே இருக்கிறது. காலப் பெயர்களிலும் ஆங்கிலம் கொஞ்சம் இறங்கி வருகிறது: ‘தி டே ஹி ரோட் இட்’ சரியான ஆங்கிலமே.

சரி, ‘வித்’, ‘இன்’ போன்ற முன்னிடைச்சொல் முன்னால் வருவதா, கடைசியிலா? கடைசியில் வைப்பதை 1672-இலேயே கவிஞர் ஜான் டிரைடன் குறை சொல்லியிருக்கிறார். ஆனால் அது பிழை இல்லை, பேச்சுக்கு நெருக்கமான நடை, அவ்வளவுதான். முறையான எழுத்தில் முன்னால் கொண்டுவருவது வழக்கம். ‘விச்’ முன்னே போகும்போது முன்னிடைச்சொல்லும் கூடவே போவதற்கு, மொழியியலாளர் ஜான் ராபர்ட் ராஸின் 1967 ஆய்வேட்டில் ‘பைட் பைப்பிங்’ என்ற பெயர் வந்தது. குழலூதியின் பின்னால் எலிகள் போன கதைதான் அந்தப் பெயருக்கு மூலம். அப்படி முன்னால் வரும்போது அதற்கு அடுத்து ‘விச்’, ‘ஹூம்’ வரலாம். ‘தட்’ வரவே வராது. ‘டு ஹூ’ என்று எழுதாமல் ‘டு ஹூம்’ என்று எழுதுவதே முறை.

அப்புறம், ‘லுக் ஆஃப்டர்’ மாதிரி வினையோடு ஒட்டிப் புதுப்பொருள் தரும் சொற்களைப் பிரிக்கக் கூடாது. அவள் பார்த்துக்கொண்ட குழந்தை ‘தி சைல்ட் ஷி லுக்ட் ஆஃப்டர்’தான். ‘ஆஃப்டர் ஹூம் ஷி லுக்ட்’ என்று எழுதினால், பார்த்துக்கொள்வது என்ற பொருளே போய்விடும்.