நெட் தேர்வின் மூன்றாவது வாசல்: கல்வியியல், குழந்தை வளர்ச்சி ஆய்வுக்கு வருவோருக்கு

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு தங்கை நெட் (தேசியத் தகுதித் தேர்வு) மதிப்பெண் தாளோடு வந்தாள். எம்.எட். முடித்தவள். “ஃபெயில்தான் அக்கா” என்று நான்காக மடித்த தாளை நீட்டினாள். பிரித்துப் பார்த்தால், பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி என்று இருக்கிறது. தேறியிருக்கிறாள்! அதை அவளுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை.

2024 ஜூன் தேர்விலிருந்து யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) நெட் முடிவு மூன்று பிரிவாக வருகிறது. முதல் பிரிவுக்கு ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை, உதவிப் பேராசிரியர் தகுதி, பிஎச்.டி. சேர்க்கை எல்லாம் உண்டு. இரண்டாவதில் உதவித்தொகை மட்டும் கிடையாது. மூன்றாவது, ஆய்வுச் சேர்க்கைக்கு மட்டும். பின்னிரண்டு பிரிவினருக்கும் சேர்க்கையில் நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30 சதவீதம். ஆனால் அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். அதனால் காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகம், சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இரண்டின் சேர்க்கை அறிவிப்பையும் விடாமல் கவனியுங்கள். எந்தத் தேர்வை ஏற்கிறார்கள் என்பது அதில்தான் இருக்கும்.

நெட்டில் ‘குழந்தை வளர்ச்சி’ என்று தனிப்பாடம் இல்லை. எம்.எட். படித்தவர்கள் கல்வியியலில் எழுதலாம். மனையியலில் மனித வளர்ச்சி படித்தவர்களுக்கு மனையியல் தாள், உளவியல் படித்தவர்களுக்கு உளவியல். முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள், மூன்றாம் பாலினத்தவருக்கு 50 போதும். ஜே.ஆர்.எஃப்.-க்கு மட்டும் வயது வரம்பு 30; பெண்களுக்கும் மேற்சொன்ன பிரிவினருக்கும் 5 ஆண்டு தளர்வு.

நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவது சாதிச் சான்றிதழில். மாநில அரசு தரும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் இங்கே செல்லாது. மத்தியப் பட்டியலின்படி, கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். விண்ணப்பம் போடும் வாரத்தில் தாலுகா ஆபீசுக்கு ஓடாதீர்கள், இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.

ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) ஆனதும் 42,000. 2023 ஜனவரி முதல் இந்தத் தொகை. விடுதி கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப்படி தனி. மூன்று வேளைச் சாப்பாட்டுக்குக் கவலைப்படாமல் ஒரு பெண் ஆய்வு செய்ய முடியும் என்பது எவ்வளவு பெரிய விஷயம்! மூன்றாவது பிரிவில் வந்தவர்களும் மனம் விட வேண்டாம். அடுத்த முறை ஜே.ஆர்.எஃப். எழுதத் தடையில்லை, தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது.

வேலையில் இருக்கும் ஆசிரியர்கள் பகுதிநேரமாகச் சேரலாம், பணியிடத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். தபால் வழி, ஆன்லைன் வழி பிஎச்.டி.யை 2022-ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதி அனுமதிப்பதில்லை, விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். படிப்புக் காலம் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு தளர்வும், 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் உண்டு. பாடப்பயிற்சி குறைந்தது 12 கிரெடிட். அதில் ஆய்வு அறநெறி (எத்திக்ஸ்) பற்றிய பாடம் கட்டாயம். அதைச் சடங்காக முடித்துவிடாதீர்கள். நம் ஆய்வில் எதிரே உட்காருவது குழந்தை.

தங்கைக்கு விருப்பமான தலைப்பு, அங்கன்வாடியில் கதை கேட்கும் பிள்ளைகளின் பேச்சு வளர்ச்சி. மையத்துக்குள் போக துறையின் எழுத்து அனுமதி, பெற்றோரின் ஒப்புதல் கையெழுத்து, பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி மூன்றையும் முதலிலேயே திட்டத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். “பெத்தவங்க கையெழுத்துப் போட்டும் பிள்ளை பேசலன்னா?” என்று கேட்டாள். அன்றைக்கு நோட்டை மூடி வைத்துவிட்டு வந்துவிடு என்றேன்.