பயத்தில் வாய் உலர்வது அட்ரீனலினாலா?

1961-இல் ஹான்ஸ் செல்யேயும் அவருடன் பணியாற்றியவர்களும் மான்ட்ரியலில் எலிகளுக்கு ஐசோபுரோட்டெரனால் என்ற மருந்தைத் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் உமிழ்நீர்ச் சுரப்பிகள் வழக்கமான அளவைவிடப் பல மடங்கு பெருத்துவிட்டன. (மன அழுத்தம் பற்றிய பேச்சை உலகெங்கும் பரப்பிய அதே செல்யேதான்.) ஐசோபுரோட்டெரனால் அட்ரீனலினுக்கு நெருங்கிய உறவு. பயந்தால் அட்ரீனலின் சுரக்கும், வாய் உலரும் என்றுதானே படித்திருக்கிறோம்? அப்படியானால் சுரப்பி ஓய்ந்துபோயிருக்க வேண்டாமா?

அட்ரீனலின் எந்த ஏற்பியில் (செய்தியை வாங்கிக்கொள்ளும் செல்லின் புரதத்தில்) போய் ஒட்டுகிறது என்பதைப் பொறுத்தே அதன் வேலை அமையும். இந்த ஏற்பிகளை 1948-இல் ஆல்ஃபா, பீட்டா என்று பிரித்தவர் அமெரிக்க மருந்தியலாளர் ரேமண்ட் ஆல்குவிஸ்ட். உமிழ்நீர்ச் சுரப்பியில் இரண்டும் உண்டு. எலியின் காதடியில் இருக்கும் பரோட்டிட் சுரப்பியை எடுத்துக்கொள்வோம். மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் அதன் செல்களுக்குள் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் காத்திருக்கும். பீட்டாவின் உட்பிரிவான பீட்டா-1 ஏற்பியில் ஐசோபுரோட்டெரனால் ஒட்டியதும் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறு பெருகி, ஒரு நொதியை முடுக்கிவிடும். பொட்டலங்கள் செல்லின் விளிம்புச் சவ்வோடு கலந்து, உள்ளிருப்பதைச் சுரப்பியின் குழாய்க்குள் கொட்டும். புரதம் ஏராளம், தண்ணீர் கொஞ்சம். கொழகொழவென்ற எச்சில்.

ஆல்ஃபா-1 வேறு வழி பிடிக்கிறது. செல்லுக்குள் கால்சியம் உயரும், குளோரைடு வாசல்கள் திறக்கும், குளோரைடு வெளியேறும். சோடியமும் தண்ணீரும் அதன் பின்னாலேயே போகும். உடல் ஓய்வாக இருக்கும்போது வேலை செய்யும் எதிர்ப்பரிவு நரம்புகள் விடும் அசிட்டைல்கோலின் என்ற செய்திப் பொருளும் இதே கால்சியம் வழிதான், ஆனால் பல மடங்கு பலமாக. புளியங்காயைக் கடித்தால் வாய் நிறைய ஊறுவது அதன் கைவரிசை.

ஐசோபுரோட்டெரனாலுக்கு முன் புரோப்ரனலால் கொடுத்துப் பீட்டா ஏற்பியை அடைத்துவிட்டால், எலியின் எச்சிலில் அமைலேஸ் அவ்வளவாக வருவதில்லை, சுரப்பியும் வீங்குவதில்லை. இரத்த அழுத்தத்துக்குப் பீட்டா தடுப்பான் சாப்பிடும் மனிதர்களிடமும் எச்சிலின் அளவு பெரிதாக மாறாமல் புரதம் மட்டும் குறைவதைப் பார்க்கலாம்.

சரி, பயத்தில் நாக்கு ஏன் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது? ஆபத்தில் உடலை முடுக்கிவிடுபவை பரிவு நரம்புகள். சுரப்பிக்கு வரும் பரிவு நரம்புகளில் 'நிறுத்து' என்று சொல்லும் இழை எதுவும் இல்லை. மூளை எதிர்ப்பரிவு நரம்பின் உமிழ்நீர் மையத்தை அடக்கிவிடுகிறது. தண்ணீர் வரத்து நின்று, கெட்டியான மிச்சம் மட்டும் வாயில் தங்குகிறது. பரிவும் எதிர்ப்பரிவும் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்யும் என்று பாடப்புத்தகம் வரையும் தராசுப் படம் இதயத்துக்குப் பொருந்தும், எச்சிலுக்குப் பொருந்தாது.

இந்த ஏற்பிக் குடும்பத்தில் வாயை உண்மையாகவே உலரவைப்பது ஆல்ஃபா-2. நரம்பு முனையிலும் மூளையிலும் உட்கார்ந்துகொண்டு, நரம்பு தன் செய்தியை வெளியிடுவதையே இது குறைக்கிறது. இதைத் தூண்டும் குளோனிடின் முதலில் மூக்கடைப்புக்காக உருவான மருந்து. இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. சாப்பிடுகிறவர்களின் முதல் புகார் வாய் உலர்வது.

ஆல்ஃபா-2-ஐத் தூண்டும் மயக்க மருந்தான சைலசினை மாட்டுக்குப் போட்டாலோ வாயோரம் எச்சில் ஒழுகும்! மாடு நாளுக்கு நூறு லிட்டருக்கும் மேல் எச்சில் சுரக்கும் பிராணி. மயக்கத்தில் விழுங்குவது குறைந்துவிட்டால் எச்சில் வெளியே ஒழுகுவதைத் தவிர வேறு வழியில்லை. தலையைத் தாழ்த்தி வைத்து, எச்சில் மூச்சுக்குழாய்க்குள் போய்விடாமல் வெளியே வடியவிட வேண்டும்.