‘பயஸ்’ என்றால் சார்பா, கோட்டமா?

இணையக் கலைக்களஞ்சியங்களைப் பற்றித் தமிழில் யார் பேசினாலும் ஆங்கிலத்தின் ‘ஐடியலாஜிக்கல் பயஸ்’ (ideological bias) என்பதற்கு ‘கருத்தியல் சார்பு’ என்ற தொடர் வந்துவிடுகிறது. அண்மையில் நாகர்கோவிலில் நடந்த ஒரு கருத்தரங்கில் பேசியவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். ஒருவர் இன்னும் ஒருபடி போய் ‘சித்தாந்தச் சார்பு’ என்றார். ‘பயஸ்’ என்ற சொல்லுக்குச் ‘சார்பு’ பொருந்தவே இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்துத்தான் எழுதுகிறேன்.

பிரெஞ்சில் ‘பியே’ என்றால் குறுக்குச் சரிவு. அங்கிருந்து ‘பயஸ்’ ஆங்கிலத்துக்குப் போனது. நம் தையல்காரர்கள் கிராஸ் கட் என்று சொல்வதை ஆங்கிலத்தில் இன்றும் இந்தச் சொல்லை வைத்துத்தான் சொல்கிறார்கள். உருண்டை உருட்டும் ஆட்டமொன்றில், ஒரு பக்கம் கனத்த உருண்டை நேராக விட்டாலும் வளைந்து போகும். அந்த வளைவுக்கும் இதே பெயர். தொடரின் முன்பாதியான ‘ஐடியாலஜி’ 1796இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் தெஸ்த்யூ த திராசி உண்டாக்கிய சொல். அதற்குக் கருத்தியல் சரியாக இருக்கிறது. சைவ சித்தாந்தம் வாழும் மொழியில் சித்தாந்தத்தை இதற்குள் இழுக்க வேண்டியதில்லை.

சரி, சார்புக்கு வருவோம். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் முதல் பாடமே ‘உறவுகளும் சார்புகளும்’. ஐன்ஸ்டைனுடையது சார்பியல். சங்கத்தின் சார்பில் மாலை போடுகிறோம். இத்தனை சுமையும் ஏற்கெனவே அதன் தலையில் இருக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், சார்பு ஒரு குற்றமே இல்லை என்பது. நான் ஒரு கட்சியைச் சார்ந்தவன், ஒரு மதத்தைச் சார்ந்தவன் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே ஒருவர் நேர்மையான வரலாறு எழுதலாம். எந்தச் சார்பும் இல்லாதவர் எழுதியது வளைந்தும் இருக்கலாம். ‘சார்பு’ என்று மொழிபெயர்த்தவுடன் கேள்வி, எழுதியவரின் சாதி, கட்சி, ஊர் என்று போய்விடுகிறது. எழுதியதை யாரும் பார்ப்பதில்லை. பாரபட்சம் ஆளை நடத்தும் விதத்துக்கு உரிய சொல், ஓரவஞ்சனையில் தெரிந்தே செய்யும் வஞ்சம் இருக்கிறது. இரண்டும் இங்கே ஒட்டாது.

வள்ளுவரிடம் இதற்கென்றே சொல் இருக்கிறது. நடுவு நிலைமை அதிகாரத்தில், ‘சொற்கோட்டம் இல்லது செப்பம் ஒருதலையா உட்கோட்டம் இன்மை பெறின்’ என்கிறார். கோடுதல் என்றால் வளைதல். சொல்லில் தெரியும் வளைவு சொற்கோட்டம், மனத்துக்குள் இருக்கும் வளைவு உட்கோட்டம். இவ்வளவு நுட்பமான பிரிவு கையில் இருக்கும்போது, அகராதியில் முதலில் கண்ணில் படும் சொல்லை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிற மொழிபெயர்ப்பாளர்களை என்ன சொல்வது?

எடுத்துக்காட்டுக்கு நம் குமரி மாவட்டத்தின் கதையையே பார்க்கலாம். நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக எழுந்த தோள்சீலை விவகாரத்தை ஒரு தளம் ‘கலகம்’ என்கிறது, இன்னொன்று ‘போராட்டம்’ என்கிறது. தலைப்பிலேயே சொற்கோட்டம் தொடங்கிவிடுகிறது. அப்புறம், அந்த உரிமையைத் தந்த 1859 ஜூலை 26 அரசாணையின் பெருமை முழுவதையும் ஒரு கட்டுரை மிஷனரிகளுக்குக் கொடுக்கும், இன்னொன்று அய்யா வைகுண்டருக்குக் கொடுக்கும், வேறொன்று திருவிதாங்கூர் மன்னரின் பெருந்தன்மை என்று முடிக்கும். ஆண்டும் தேதியும் மூன்றிலும் சரியாக இருக்கலாம். ஆனால் நாடார் பெண்கள் உயர்சாதிப் பெண்களைப் போலவே அணியக்கூடாது என்று அதே ஆணை தடுத்ததைப் பெருந்தன்மைக் கட்டுரை விட்டுவிடுகிறது. இது உட்கோட்டம். இதை எழுதியவர் எந்தச் சார்பினர் என்று தேடுவதால் விடுபட்ட வரி திரும்ப வரப்போவதில்லை.

கோட்டம் என்றால் வள்ளுவர் கோட்டமும் கோட்டாட்சியரும் நினைவுக்கு வருவார்களே, தக்கலை உட்கோட்டம் என்று காவல்துறைச் செய்தி வருகிறதே என்பார்கள். வரட்டும். சைக்கிள் கடையில் ‘ரிம்ல கோட்டம் எடுக்கணும்’ என்றால் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. கடைக்காரர் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம் எந்த இடத்தில் பிரேக் கட்டையில் உரசுகிறது என்று பார்க்கிறார். அந்த இடத்து ஸ்போக்கில் ஒன்றைத் தளர்த்தி, எதிர்ப்பக்கத்தை முறுக்குகிறார். மறுபடி சுற்றுகிறார். பலர் சேர்ந்து எழுதும் கலைக்களஞ்சியமும் இப்படித்தான் நிமிர்கிறது. விக்கிப்பீடியாவின் அமெரிக்க அரசியல் கட்டுரைகளை ஆராய்ந்த ஷேன் கிரீன்ஸ்டீன், ஃபெங் சூ இருவரும் திருத்தம் கூடக்கூடச் சாய்வு குறைவதைக் கண்டார்கள். கோட்டத்தை எடுக்க முடியும். சார்பை எப்படி எடுப்பது?

சார்பு என்ற சொல் அறிவியலில் செய்யும் கேடு இன்னும் பெரிது. ‘லெமூரியா என்றொரு கண்டம் இருந்ததில்லை’ என்று எழுதினால், உடனே ‘இது தமிழர் எதிர்ப்புச் சார்பு’ என்கிறார்கள். 1864இல் ஆங்கிலேய விலங்கியலாளர் ஃபிலிப் ஸ்கிளேட்டர் லெமூர் விலங்குகளின் பரவலை விளக்கச் சொன்ன ஊகம் அது. கண்டத்தட்டுகள் நகர்வது தெரிந்தபின் அந்த ஊகத்துக்குத் தேவை இல்லாமல் போயிற்று. இதைச் சொல்வதில் எந்தக் கோட்டமும் இல்லை. அதே சமயம், ‘பஃறுளி யாற்றுடன் பன்மலை யடுக்கத்துக் குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள’ என்ற சிலப்பதிகார வரியையும் லெமூரியாவோடு ஒரே மூட்டையாகக் கட்டி, எல்லாம் போலி வரலாறு என்று ஒரு தளம் எழுதினால், அது கோட்டம்தான். கடல்கொண்ட நினைவு இலக்கியத்தில் இருக்கிறது. ஸ்கிளேட்டரின் கண்டம் அதில் இல்லை.