"சூடு" என்று சொல்லி மாத்திரையை நிறுத்தாதீர்கள்

போன மாதம் ஒரு அக்கா வந்தார். பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகிறவர். வயது ஐம்பதை நெருங்குகிறது, சர்க்கரையும் உண்டு. கடலுக்குள் பாரில், அதாவது பாறைத் திட்டில், நடக்கும்போது செருப்பு நழுவி உள்ளங்காலில் கிழித்துவிட்டது. முதல் தடவை வந்தபோது புண்ணைச் சுத்தம் செய்து, டிடி ஊசி போட்டு, 7 நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தேன். டாக்ஸிசைக்ளின் காலை ஒன்று, இரவு ஒன்று. அதோடு பாக்டீரியாக் கிருமியைக் கொல்லும் இன்னொரு ஆன்டிபயாடிக்.

ஒன்பதாம் நாள் திரும்பி வந்தார். இந்தத் தடவை மகன் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். பாதம் முழுக்க வீங்கி, சிவப்பு கெண்டைக்கால் வரை ஏறியிருந்தது. காய்ச்சல் 102. "மாத்திரை எல்லாம் சாப்பிட்டீங்களா அக்கா?" என்று கேட்டேன். இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்துப் பிரித்தார். வெற்றிலைக்கும் சில்லறைக்கும் நடுவே மடங்கிப்போன ஒரு பட்டை. டாக்ஸிசைக்ளினில் 4 மிச்சம் இருந்தது. 6 சாப்பிட்டிருக்கிறார். இன்னொரு 4 மகனுடைய சளிக்குப் போயிருக்கிறது.

"ரொம்பச் சூடு டாக்டரம்மா. நெஞ்செல்லாம் எரிஞ்சுச்சு, முகமும் எரிஞ்சுச்சு. மூணு நாள்ல வலியும் கொறஞ்சிருச்சு, அதான் விட்டுட்டேன்."

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கால் தப்பியது. ஆனால் புண்ணைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டியதாகிவிட்டது. பல வாரம் கடலுக்குப் போகாத வீட்டில் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று இந்தக் கரையில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இவர் முதல் ஆள் இல்லை. இந்த வருடம் மட்டும் "சூடு" என்று நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தவர்களை எண்ணுவதையே விட்டுவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த அக்காவுக்கு வந்தது சூடு இல்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நெஞ்செரிச்சல் ஏன் வந்தது? இரவு மாத்திரையை ஒரு வாய் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே பாயில் படுத்திருக்கிறார். குடத்துத் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிற வீட்டில் யாரும் ஒரு டம்ளர் முழுக்க எடுத்து மாத்திரைக்குக் குடிப்பதில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் டாக்ஸிசைக்ளின் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு கரைந்தால் அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும். ஒரு டம்ளர் தண்ணீர் முழுக்கக் குடிக்க வேண்டும், அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது. முகம் எரிந்தது ஏன்? இந்த மருந்து சாப்பிடும் நாட்களில் தோல் வெயிலைத் தாங்காது. கால் புண்ணோடு கடலுக்குள் இறங்கவில்லைதான், ஆனால் மாத்திரை சாப்பிட்ட நாட்களில் கரையில் உட்கார்ந்து பாசி காயப் போட்டிருக்கிறார். சேலைத் தலைப்பைத் தலைக்கு இழுத்துவிட்டு, நிழலில் இருந்திருந்தால் பாதி எரிச்சல் இருந்திருக்காது. இதை முதல் நாளே சொன்னேன். ஆனால் கூட்டத்துக்கு நடுவே அவசரமாகச் சொன்னேன். இப்போது நான் டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுக்கிற ஒவ்வொருவரையும் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்கிறேன்.

மற்ற "சூடு"களும் இப்படித்தான். மூத்திரம் மஞ்சளாகப் போகிறதா? பெரும்பாலும் கூடவே எழுதிக் கொடுத்த பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையின் நிறம் அது, ரைபோஃப்ளேவின் என்ற சத்து. ஒரு ஆபத்தும் இல்லை. இரண்டு தடவை வயிறு இளகிப் போகிறதா? குடலில் நமக்கு உதவியாக இருக்கும் கிருமிகளும் மருந்தில் அடிபடுகின்றன. அமாக்சிசிலினோடு கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த மாத்திரையில் இது அதிகம்; சாப்பாடு ஆரம்பிக்கும்போது போட்டால் குறையும். நாக்கில் இரும்பைச் சப்பியது போல ருசியா? மெட்ரோனிடசோலின் குணம். நாக்கில் வெள்ளை படிகிறதா? பூஞ்சை, அதற்குத் தனியாக மருந்து இருக்கிறது, வந்து காட்டினால் போதும். இதில் எதுவுமே உடம்பின் வெப்பத்தோடு சம்பந்தப்பட்டதில்லை. எதற்குமே நீங்களாக மருந்தை நிறுத்த வேண்டியதில்லை.

சூட்டைத் தணிக்க என்று நம் வீடுகளில் செய்வது இன்னொரு வம்பு. மாத்திரையை மோரில் விழுங்குகிறார்கள், அல்லது விழுங்கிய கையோடு ஒரு சொம்பு மோர் குடிக்கிறார்கள். டாக்ஸிசைக்ளினும் சிப்ரோஃப்ளாக்ஸசினும் பால், தயிர், மோரில் இருக்கும் கால்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும். மருந்தில் ஒரு பகுதி ரத்தத்தில் சேராமல் வெளியே போய்விடும். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்து எல்லாவற்றுக்கும் இதே கதைதான். மோர் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாத்திரை போட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத் தாராளமாகக் குடியுங்கள்.

ஆனால் இந்தச் "சூடு" என்ற வார்த்தை மேல் எனக்கு இருக்கிற பெரிய கோபம் வேறு. சாதாரணத் தொந்தரவுக்கு மருந்தை நிறுத்த வைக்கிறது என்பதோடு முடியவில்லை. உண்மையிலேயே நிறுத்த வேண்டிய நேரத்தில், "சூடுதானே, இளநீர் குடிச்சா சரியாயிரும்" என்று வீட்டில் உட்கார வைத்துவிடுகிறது. உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக அரிப்பு, உதடும் கண் இமையும் வீங்குவது, மூச்சு இழுப்பது எல்லாம் ஒவ்வாமை. மாத்திரையைத் தொடாமல் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். மூச்சு இழுத்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். வாயில் கொப்புளம் வெடித்து, கூடவே கண் சிவந்து, தோல் எரிந்து உரியத் தொடங்கினால் அது உயிருக்கே ஆபத்தானது. அதை வாய்ப்புண் என்று நினைத்து மணத்தக்காளிக் கீரை சமைத்துக்கொண்டிருக்காதீர்கள். தண்ணீராக ஓயாமல் போவது, ரத்தம் கலந்து போவது, இதுவும் அப்படித்தான். சிப்ரோஃப்ளாக்ஸசின் வகை சாப்பிடும்போது குதிகால் தசைநாண் திடீரென்று வலித்தால் அன்றைக்கே சொல்லுங்கள். வலையை இழுத்த வலி என்று தள்ளிப்போடாதீர்கள். ஒரு தடவை ஒரு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதன் பெயரை எழுதி ஆதார் கார்டோடு சேர்த்து வையுங்கள். "ஏதோ ஒரு மஞ்சள் மாத்திரை" என்றால் நான் என்ன செய்ய முடியும்?

எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: எல்லா நோய்க்கும் ஒரே கணக்கு கிடையாது. சிலதற்கு 3 நாள், சிலதற்கு 7, எலும்பு வரை போனால் வாரக்கணக்கில். பரிசோதனை முடிவைப் பார்த்து, இது வைரஸ், மருந்து வேண்டாம் என்று நானே இரண்டாம் நாள் நிறுத்தியதும் உண்டு. முடிவு பார்த்தவரிடம் இருக்கட்டும். வலி குறைந்தது என்பது கிருமி தோற்கத் தொடங்கிவிட்டது என்று மட்டும்தான் சொல்கிறது.

மீதி மாத்திரை விஷயம். அந்த மகனுக்கு இருந்தது ஜலதோஷம். அது வைரஸ், ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. அவ்வளவுதான்.

மருந்துக்கடைத் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருப்பது அழகுக்கு இல்லை, சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்பதற்கு. 2014 மார்ச்சிலிருந்து பல ஆன்டிபயாடிக்குகள், சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற அரசின் எச்1 பட்டியலில் இருக்கின்றன; தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். தெரிந்த அண்ணன் கேட்டார் என்று இரண்டே இரண்டு மாத்திரையை வெட்டிக் கொடுப்பது அந்த அண்ணனுக்கு நீங்கள் செய்யும் உதவி இல்லை.

கடலுக்குப் போகிறவர்கள் போவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். மூன்று வேளை மருந்தைக் கொடுத்தால் நடு வேளை வலை இழுப்பில் மறந்துபோகும். இரண்டு வேளை, ஒரு வேளை மருந்து பொருந்துமானால் அதையே எழுதலாம். மாத்திரையை மூடி திருகும் டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள், உப்புத் தண்ணீர் பட்ட மாத்திரை வேண்டாம். ஒரு வேளை தவறினால் ஞாபகம் வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள்.

கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் நோன்பு நாட்களில் வருகிற ராத்தாமார்களும் அப்படியே. "நோன்பு வச்சிருக்கேன்" என்று சொன்னால் சஹருக்கு, அதாவது விடியுமுன் சாப்பாட்டுக்கு, ஒன்று, நோன்பு திறந்த பிறகு ஒன்று என்று அமையும் மருந்து பல நேரம் கிடைக்கும். சொல்லாமல் வாங்கிப் போய்ப் பகல் மாத்திரையை மட்டும் விட்டுவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்? சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதன் சீட்டையும் கொண்டுவாருங்கள். சில ஆன்டிபயாடிக்குகள் அதோடு சேர்ந்தால் சர்க்கரை மயக்கம் வரும் அளவுக்கு இறங்கிவிடும். கர்ப்பமாக இருந்தால், இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால்கூட, வாய் திறந்து சொல்லுங்கள்.

அந்த அக்கா இப்போது நடக்கிறார். போன வாரம் பல் வீங்கி, பல் டாக்டர் மெட்ரோனிடசோல் கொடுத்திருக்கிறார். இரண்டாம் நாள் எனக்கு போன். "டாக்டரம்மா, நாக்குல இரும்பு ருசியா வருது. தடிப்பு இல்ல, வீக்கம் இல்ல, மூச்சு நல்லாருக்கு. இது நிறுத்துற சூடா, நிறுத்தாத சூடா?"

"நிறுத்தாத சூடு அக்கா. சாப்பிடுங்க."