லேஅவுட்டில் 'பூங்கா' என்று போட்டிருக்கும் இடம் யாருடையது?

மனை பார்க்கப் போனால் தெற்குப் பார்த்ததா, கார்னரா, தண்ணீர் எத்தனை அடியில் என்று துருவித் துருவிக் கேட்போம். அதே வரைபடத்தில் பச்சை அடித்து 'பூங்கா' என்று எழுதியிருக்கும் துண்டைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டோம். அதுவும் நமக்குச் சேர வேண்டியதுதான்.

தமிழ்நாட்டில் இதை ஓ.எஸ்.ஆர். நிலம், அதாவது திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலம் என்பார்கள். இப்போது இதற்குப் பொருந்துவது 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். லேஅவுட் போடும் மொத்த இடம் 3,000 சதுர மீட்டருக்குள், சுமார் 74 சென்ட்டுக்குள் இருந்தால் ஒதுக்கீடு கிடையாது. அதற்கு மேல் 10,000 சதுர மீட்டர் வரை 10 சதவீதம் விட வேண்டும். விட வழியில்லாவிட்டால் அந்த நிலத்துக்கு அரசு குறித்திருக்கும் விலையை, அதாவது வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டலாம். 10,000 சதுர மீட்டரை, ஏறக்குறைய இரண்டரை ஏக்கரைத் தாண்டிவிட்டால் பணம் செல்லாது. நிலமாகத்தான் தர வேண்டும். பெரிய அடுக்குமாடித் திட்டங்களுக்கும் இதே கணக்குதான்.

சாலைக்குப் போனது போக மீதியில்தான் அந்த 10 சதவீதம். 5 ஏக்கர் லேஅவுட்டில் சாலைக்கு ஒன்றரை ஏக்கர் போனால், மிச்சம் மூன்றரை ஏக்கருக்குப் பூங்கா 35 சென்ட். ஆறு கிரவுண்டுக்கு மேலே! பிள்ளைகள் பந்து விளையாடலாம், பெரியவர்கள் சாயங்காலம் நடக்கலாம், நாலு வேப்பமரம் நிற்கலாம். சுற்றிலும் சிமென்ட் போட்ட தெருக்களில், மழைத் தண்ணீர் இறங்க மண் இருப்பதும் அங்கேதான்.

இந்த இடத்தையும் சாலைகளையும் லேஅவுட் போடுபவர் மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ தானப் பத்திரமாகப் பதிவு செய்து கொடுக்க வேண்டும். எல்லாம் இந்தப் பத்திரத்தில்தான் நிற்கிறது. பழைய லேஅவுட்கள் பலவற்றில் வரைபடத்தில் பூங்கா இருக்கும், பத்திரம் பதிவாகியிருக்காது. பத்திரம் இருந்தாலும் பட்டா பழையவர் பெயரிலேயே கிடக்கும். எனக்குத் தெரிந்த ஓரிடத்தில் பூங்கா நிலத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்டு, நாலு மனையாகப் பிரித்துவிட்டார்கள். தானப் பத்திரத்தின் நகலை ஒருவர் தேடி எடுத்து வந்த பிறகுதான் கற்கள் பிடுங்கப்பட்டன.

ஆகவே ஒப்புதல் பெற்ற வரைபடத்தின் நகலை முதலில் கையில் வாங்குங்கள். அதிலுள்ள டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) ஒப்புதல் எண்ணையும், பூங்கா இருக்கும் சர்வே எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தால் தானப் பத்திரம் பதிவானதா என்று தெரியும், பார்ப்பதற்குக் கட்டணமில்லை. தெளிவாகவில்லை என்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி உள்ளாட்சி அலுவலகத்துக்கு மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். 'பூங்கா இருக்கிறதா' என்று கேட்காதீர்கள். 'தானப் பத்திர எண், தேதி, இன்றைய பட்டா யார் பெயரில், பத்திரம், பட்டா இரண்டின் நகலும் தருக' என்று கேளுங்கள்.

அந்த இடத்தில் கோயில், கடை, கட்சிக் கொடிக்கம்பம் என்று எது முளைத்தாலும் ஆரம்பத்திலேயே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். பூங்காவுக்கென்று ஒதுக்கியதை வேறு காரியத்துக்குத் திருப்பக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. உள்ளாட்சியையும் அது கட்டுப்படுத்தும். ஊராட்சிப் பகுதி என்றால் அடுத்த கிராம சபையில், அந்த நிலத்துக்கு வேலி போடச் சொல்லித் தீர்மானம் கேளுங்கள். போகும்போது வரைபடத்தை மறக்காமல் எடுத்துப் போங்கள்.