ஷிராஸ் வைனில் மிளகு மணப்பது ஏன்?

ஷிராஸ் குடிப்பவர் "மிளகு வாசம் வருது" என்றால் பலர் நம்புவதில்லை, சும்மா பாவனை என்று நினைத்துவிடுகிறார்கள். பாவனை இல்லை. புறக்கோட்டையில் மிளகு மூட்டையை அவிழ்க்கும்போது மூக்கில் ஏறுகிற அதே மூலக்கூறு, ஒரு மணி மிளகுகூடச் சேர்க்காமல், ஷிராஸ் என்ற கறுப்பு முந்திரிகைப் பழத்தின் தோலில் தானாகவே உருவாகிறது. எனக்கு இந்த இனத்தை இவ்வளவு பிடிக்க முதல் காரணம் அதுதான்.

மூலக்கூறின் பெயர் ரொட்டண்டோன். முதலில் பிரித்தெடுத்தது வைனிலிருந்து இல்லை, நாட்டு மருந்தில் போடுகிற கோரைக்கிழங்கிலிருந்து. அதற்கும் மிளகு வாசத்துக்கும் உள்ள தொடர்பு தெரியவர வெகுகாலம் ஆனது. அடெலெய்டில் உள்ள அவுஸ்திரேலிய வைன் ஆராய்ச்சி நிலையத்தார்தான் 2008இல் அதை வெளியிட்டார்கள். வைனின் ஆவியைக் கருவிக்குள் செலுத்தி, ஒவ்வொரு வாசப் பொருளாகப் பிரித்து, வெளியே வரும் முனையில் ஓர் ஆள் மூக்கை வைத்து மோந்து பார்ப்பது இந்த ஆய்வுகளின் வழி. ஆம், இவ்வளவு கருவி இருந்தும் கடைசியில் மனித மூக்குத்தான் வேண்டியிருக்கிறது.

அந்த மூக்கு எவ்வளவு கூர்மை தெரியுமா? ஒரு லீற்றர் சிவப்பு வைனில் 16 நானோகிராம் இருந்தாலே போதும், பிடித்துவிடும். 25 இலட்சம் லீற்றர் கொள்ளும் ஒலிம்பிக் நீச்சல் தடாகம் முழுக்க வைன் என்று வைத்துக்கொண்டால், அவ்வளவுக்கும் 0.04 கிராம் ரொட்டண்டோன் போதும். மிளகில் இருக்கும் அளவோ, நன்றாக மிளகு மணக்கும் வைனில் உள்ளதைப்போல ஏறத்தாழ 10,000 மடங்கு. (நாக்கில் எரிவது பைப்பரின் என்ற வேறு பொருள், அது வைனில் கிடையாது, ஆகவே மணக்கும், உறைக்காது.)

ஆனால் மூக்கு எவ்வளவு பிடிக்கும் என்று பார்த்த அந்தச் சோதனையில் கலந்துகொண்டவர்களில் ஏறத்தாழ 20 சதவீதமானோருக்கு, வெறும் தண்ணீரில் லீற்றருக்கு 4,000 நானோகிராம் கலந்து கொடுத்தும் ஒன்றுமே தெரியவில்லை. அதனால் ஒரே போத்தலை இருவர் பகிர்ந்துகொண்டு ஒருவர் மிளகு என்றும் மற்றவர் இல்லவே இல்லை என்றும் சண்டை பிடித்தால் இருவருமே உண்மைதான் சொல்கிறார்கள். மிளகில் பினீன், லிமொனீன் என்று வேறு வாசங்களும் இருப்பதால், ரொட்டண்டோனை மோந்தறிய முடியாதவர்களுக்கும் மிளகு மணக்காமல் போவதில்லை.

சரி, கொடி இதை எப்படிச் செய்கிறது? பழத்தில் குவையீன் என்ற முன்னோடிப் பொருள் இருக்கிறது, அதோடு ஒட்சிசன் சேரும்போது ரொட்டண்டோன் பிறக்கிறது. பழம் நிறம் மாறிப் பழுக்கும் கடைசி வாரங்களில்தான் தோலில் சேரும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். நம்முடைய மிளகு மாத்தளை, கண்டிப் பக்கத்து ஈரச் சூட்டில் செழிக்க, முந்திரிகைக்கோ இதே வாசத்தைச் சேர்க்கக் குளிர் வேண்டும், எனக்கு இது இன்னும் ஆச்சரியம்தான். பிரான்சின் வடக்கு ரோன் பள்ளத்தாக்கு, அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக் கிராம்பியன்ஸ் போன்ற குளிர்ந்த இடங்களில் மிளகு தூக்கலாக இருக்கும். தென் அவுஸ்திரேலியாவின் சூடான பரோசாவில் பழச்சுவையும் சொக்லேட்டும் முன்னே வரும். ஒரே தோட்டத்திலேயே நிழல் விழும் பக்கத்துக் குலையில் கூடுதலாக இருக்கும். சிவப்பு வைனைத் தோலோடு சேர்த்துப் புளிக்கவைப்பதால் வாசம் கொஞ்சம் வைனுக்குள் இறங்குகிறது, பெரும்பகுதி தோலிலேயே தங்கிவிடுகிறது.

இந்த முந்திரிகை இனம் ஈரானின் ஷிராஸ் நகரத்திலிருந்து வந்தது என்று ஒரு கதை உண்டு. அழகான கதை, ஆனால் 1998இல் மரபணுப் பரிசோதனை அதை முடித்துவைத்தது: பெற்றோர் துரேசா, மொந்தேஸ் பிளான்ஷ் என்ற இரண்டு பிரெஞ்சு இனங்கள், அதில் இரண்டாவது வெள்ளை முந்திரிகை. 1832இல் முந்திரிகைச் செய்கையின் முன்னோடி ஜேம்ஸ் பஸ்பி அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோன தண்டுகளில் இதுவும் இருந்தது, பரோசாவில் 1843இல் நட்ட கொடிகள் இன்னும் காய்க்கின்றன.

கொழும்பில் குடிப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். சிவப்பு வைனை அறை வெப்பத்தில் பரிமாறு என்பது குளிர்நாட்டு அறைக்குச் சொன்னது, வெள்ளவத்தையில் 30 பாகையில் இருக்கும் மேசைக்கு இல்லை. அந்தச் சூட்டில் மதுசாரத்தின் ஆவிதான் முதலில் மூக்கில் அடிக்கும், மிளகு அதற்குள் அமுங்கிப்போகும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து 16, 17 பாகைக்குக் கொண்டுவந்து, குவளையில் கொஞ்சமாக ஊற்றிச் சுழற்றிவிட்டு மோந்து பாருங்கள்.