19 ஆண்டு ஆட்சி, 20 சதவீத ஓட்டு

பிரிஸ்பேனில் புதிதாகக் குடியுரிமை வாங்கும் நம்மவர்களுக்கு வகுப்பு எடுப்பது என் வேலை. போன வாரம் மறுபடியும் ஒருவர் கேட்டார்: "ஜோ 19 வருஷம் முதல்வரா இருந்தார்னா, பாதிப் பேருக்கு மேல அவருக்குத்தான ஓட்டுப் போட்டிருக்கணும், சார்?" இல்லை. இதை எத்தனை தடவை சொல்வது!

ஜோ பியெல்கே பீட்டர்சன் கிங்கராய்ப் பக்கத்து நிலக்கடலை விவசாயி. 1947-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலச் சட்டமன்றத்துக்குள் போனவர், 1968 முதல் 1987 வரை முதல்வர். அவருடைய கட்சிக்கு முதலில் கன்ட்ரி கட்சி என்று பெயர், பிறகு நேஷனல் கட்சி. கிராமத்துக்காரர்களின் கட்சி. அங்கே அவருக்கு இருந்த செல்வாக்கு உண்மையானது. வாரிசு வரியை ஆஸ்திரேலியாவில் முதலில் ஒழித்த மாநிலமும் அவருடையதுதான். இதை நான் மறுக்கவே இல்லை.

ஆனால் 1972 தேர்தலைப் பாருங்கள். எதிர்க்கட்சியான லேபர் கட்சிக்குக் கிட்டத்தட்ட 47 சதவீத ஓட்டு, 33 இடம். ஜோவின் கூட்டாளியான லிபரலுக்கு 22 சதவீதம், 21 இடம். ஜோவின் கட்சிக்கு 20 சதவீதம், 26 இடம். சிறு கட்சிகளுக்கு ஓட்டுப் போட்டவர்களின் விருப்ப வாக்குகள் (சீட்டில் 2, 3 என்று அடுத்தடுத்த விருப்பமாகக் குறிப்பவை) கூட்டணிக்குக் கைகொடுத்தன, சரி. ஆனால் கூட்டாளியைவிடக் குறைவான ஓட்டு வாங்கிய கட்சிக்கு ஐந்து இடம் கூடுதலாக எப்படி வந்தது? மாநிலத்தை மண்டலங்களாகப் பிரித்து, தூரத்துத் தொகுதிகளுக்குக் குறைந்த வாக்காளர்கள் போதும் என்று வைத்திருந்தார்கள். அங்கே போட்ட ஓட்டுக்கு நகரத்து ஓட்டைவிட எடை அதிகம். 1986-லும் இதே கதை. லேபருக்கு 41 சதவீதம், 30 இடம். நேஷனலுக்கு 40-க்கும் கீழே, ஆனால் மொத்தம் 89 இடங்களில் 49.

இந்த மண்டல முறையைத் தொடங்கியது ஜோ என்றும் நினைக்காதீர்கள். 1949-இல் லேபர் அரசு கொண்டுவந்தது அது. தனக்கு வசதி என்று ஒருவர் போட்ட கோட்டை, அடுத்தவர் தன் வசதிக்கு வளைத்துக்கொண்டார். (வகுப்பில் இந்த இடம் வந்ததும் இரண்டு கட்சி ஆதரவாளர்களும் முகம் சுளிப்பார்கள்.)

விளைவு சின்னதல்ல. குயின்ஸ்லாந்தில் 1922-க்குப் பிறகு மேலவையே கிடையாது, தடுக்க ஆளில்லை. 1977-இல் ஜோ தெரு ஊர்வலங்களைத் தடை செய்தார். 1987-இல் தொடங்கிய ஃபிட்ஸ்ஜெரால்ட் ஊழல் விசாரணைக்குப் பிறகு அமைச்சர்களும் போலீஸ் கமிஷனரும் சிறைக்குப் போனார்கள். ஜோ மீதான பொய்ச்சாட்சி வழக்கில் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை.

மண்டலங்கள் 1992 தேர்தலுக்கு முன்பே போய்விட்டன. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காராதீர்கள். புது வீட்டில் ஒரு மாதம் ஆனதும் வாக்காளர் பட்டியலில் முகவரியை மாற்றுங்கள், "அப்புறம் பார்க்கலாம்" வேண்டாம். மாநிலத் தேர்தல் சீட்டில் எல்லாக் கட்டத்திலும் எண் போடுங்கள், கட்டங்களைக் காலியாக விட்டால் ஓட்டு செல்லாமல் போகக்கூடும். தொகுதி மறுவரையறை வரைவு வந்தால் யார் வேண்டுமானாலும் கருத்து எழுதி அனுப்பலாம். நம் ஆட்களில் எழுதியவர் ஒருவரைக்கூட நான் இதுவரை பார்த்ததில்லை. அடுத்த வரைவு வந்ததும் வரைபடத்தை வகுப்புக்கு எடுத்து வாருங்கள், தயவுசெய்து. உங்கள் தெரு எந்தக் கோட்டுக்குள் விழுகிறது என்று சேர்ந்து பார்க்கலாம்.